ஜப்பானிய கார்பன் எஃகுக் கத்தி: வாங்கும் முன் ஒரு துணியை எடுத்து வையுங்கள்

நான் வாங்கிய முதல் கார்பன் எஃகுக் கத்தி இருபது நிமிடத்தில் துருப்பிடித்தது. எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. கத்தியைப் பலகை மேலேயே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பளபளவென்று இருந்த அலகில் செம்மண் தூவியது போல ஆரஞ்சுப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் ஏமாற்றவில்லை. இந்த எஃகின் குணமே அதுதான், எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அதனால் முதலிலேயே ஒன்று கேட்டுவிடுகிறேன். சமைக்கும்போது பக்கத்தில் ஒரு துணியை வைத்துக்கொண்டு, நறுக்க நறுக்கக் கத்தியைத் துடைக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் நல்ல ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றும் கிடையாது. வீட்டில் கத்தியைத் தொடும் மற்றவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒழுங்காகத் துடைப்பீர்கள்; வேலை முடிந்ததும் கழுவும் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும், கதை முடிந்தது.

எதற்கு இந்தத் தொல்லை?

எஃகு துருப்பிடிக்காமல் இருக்க அதில் குரோமியம் வேண்டும், குறைந்தது பத்தரை சதவீதமாவது. ஜப்பானியக் கொல்லர்கள் விரும்பும் கார்பன் எஃகில் குரோமியம் இருக்காது, அல்லது அரை சதவீதத்துக்குள் பெயருக்கு இருக்கும். துருவுக்குக் காரணம் அதுதான். இந்தக் கத்தியின் சுகத்துக்குக் காரணமும் அதேதான். குரோமியம் அதிகமுள்ள எஃகில், அது கார்பனோடு கூடிப் பெரிய பெரிய கடினத் துகள்களாக நிற்கும். தீட்டும்போது கல்லோடு மல்லுக்கு நிற்பவை அந்தத் துகள்கள்தான். அவை இல்லாத எஃகு கல்லில் வெண்ணெய் போலத் தேயும். விளிம்பும் மிக மெல்லியதாக, சீராக வரும்.

புதியவர்கள் பலர் ‘கார்பன் கத்தி நீண்ட நாள் கூர் நிற்கும்’ என்று நினைத்து வாங்குகிறார்கள். அது பாதிதான் உண்மை. இன்றைய விலையுயர்ந்த ஸ்டெயின்லெஸ் வகைகளில் சில இதைவிட அதிக நாள் கூர் நிற்கும். ஆனால் மழுங்கிய கார்பன் கத்தியை வீட்டிலேயே, ஒரே ஒரு கல்லில், பத்து நிமிடத்தில் பழைய கூர்மைக்குக் கொண்டுவந்துவிடலாம். இதை வாங்குவதற்கு நான் சொல்லும் காரணம் அது ஒன்றுதான். ஆகவே தீட்டக் கற்றுக்கொள்ளும் எண்ணம் இல்லாதவருக்கு இந்தக் கத்தியை நான் சிபாரிசு செய்வதில்லை. கத்திக்கு ஒதுக்கிய பணத்திலேயே கல்லுக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

கடினத்தன்மையையும் இங்கேயே சொல்லிவிடலாம். ராக்வெல் சி அளவையில் சாதாரண ஐரோப்பியச் சமையல் கத்தி 55 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானிய கார்பன் கத்திகள் 60இல் தொடங்கி 65 வரை போகும். கடினம் கூடக் கூட விளிம்பை மெல்லியதாக வைக்கலாம். கூடவே அது கண்ணாடி மாதிரி தெறிக்கவும் செய்யும். ஐரோப்பியக் கத்தி எலும்பில் பட்டால் விளிம்பு மடங்கும். இதில் பொக்கை விழும்.

வடிவத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையில் எஃகின் பெயர்தான் முதலில் கண்ணில் படும், அதில் மயங்க வேண்டாம். தினமும் கையில் நிற்கப்போவது வடிவம்.

ஜப்பானியக் கத்திகளைப் பெரிதாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ளவை ஒரு வகை. மீனைப் பச்சையாகச் சீவும் யானகிபா, மீனை வெட்டிப் பிரிக்கும் தேபா, தொழில்முறைச் சமையல்காரர்கள் காய்க்கு வைத்திருக்கும் உசுபா எல்லாம் அந்த வகை. பார்க்க அழகு. ஆனால் தீட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வலது கைக்கும் இடது கைக்கும் வேறு வேறு கத்தி. முதல் கத்தியாக அவற்றைத் தொடவே தொடாதீர்கள்.

இரு பக்கமும் சரிவு உள்ள வகையில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். கியூதோ என்றால் எழுத்துக்கு எழுத்து ‘மாட்டுக் கத்தி’. மெய்ஜி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஜப்பானியர்கள் மாட்டிறைச்சி சாப்பிடத் தொடங்கியபோது, மேற்கத்தியச் சமையல் கத்தியைப் பார்த்துச் செய்தது இது. நீளமாக, முனை கூர்மையாக இருக்கும். எல்லா வேலைக்கும் வரும். சந்தோக்கு என்றால் ‘மூன்று நற்குணம்’. இறைச்சி, மீன், காய் மூன்றுக்கும் ஆகும் என்று பொருள் சொல்வார்கள். 165 முதல் 180 மில்லிமீட்டர் வரை, முனை மழுங்கலாக, வீட்டு அடுப்படிக்கு அடக்கமாக இருக்கும். நாகிரி செவ்வகமாக, விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும், காய்கறிக்கென்றே செய்தது. முனை இல்லாததால் இறைச்சிக்கு அவ்வளவு உதவாது.

பலகை சின்னது, கை சின்னது, நறுக்குவது பெரும்பாலும் காய் என்றால் சந்தோக்கு. பலகையில் இடம் இருக்கிறது, எல்லாமே சமைப்பீர்கள் என்றால் 210 மில்லிமீட்டர் கியூதோ. 240ஐப் பலர் புகழ்வார்கள். பழகிவிட்டால் அதுதான் வசதி என்பதும் உண்மை. ஆனால் முதல் நாளே அதைக் கையில் எடுப்பவர் முனை எங்கே போகிறது என்று பார்ப்பதிலேயே களைத்துவிடுவார். ஜப்பானில் கத்தி நீளத்தை ‘சுன்’ கணக்கிலும் சொல்வார்கள். ஒரு சுன் சுமார் 30 மில்லிமீட்டர், ஆகவே 7 சுன் என்று எழுதியிருந்தால் அது 210தான்.

கைப்பிடியிலும் இரண்டு விதம். ஆணி அடித்த மேற்கத்தியப் பிடி கனமாக இருக்கும், கத்தியின் எடை கைக்குள் நிற்கும். எட்டுப் பட்டையாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும் ஜப்பானிய மரப்பிடி இலகுவானது, எடை அலகின் பக்கம் சாயும். ஒரு ஓரம் மட்டும் புடைத்திருக்கும் பிடி பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்குச் செய்தது. இடக்கைக்காரர்கள் கேட்டு வாங்குங்கள். மற்றபடி எது நல்லது என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. கைக்கு எது பிடிக்கிறதோ அது.

வெள்ளைத் தாள், நீலத் தாள்

இப்போது எஃகுக்கு வரலாம். ஷிரோகாமி, ஆஓகாமி என்ற இரண்டு பெயர்களை எங்கும் பார்ப்பீர்கள். முதலாவதற்கு வெள்ளைத் தாள் என்று பொருள், இரண்டாவதற்கு நீலத் தாள். எஃகின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆலையில் எஃகுப் பாளங்களை அடையாளம் காண ஒட்டிய தாளின் நிறம்தான் பெயராக ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஷிமானே மாகாணத்தின் யாசுகி ஊர் ஆலையிலிருந்து வருபவை. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்றிருந்த அந்த நிறுவனம் 2023இல் புரோட்டீரியல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனாலும் கடைக்காரர்கள் இன்னும் ‘ஹிட்டாச்சி எஃகு’ என்றே சொல்வார்கள். குழம்ப வேண்டாம்.

வெள்ளைத் தாள் ஏறக்குறைய இரும்பும் கார்பனும் மட்டுமே. அசுத்தம் மிகக் குறைவு. 2ஆம் எண்ணில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம்; 1ஆம் எண்ணில் 1.25 முதல் 1.35 வரை. எண் சிறிதானால் கார்பன் அதிகம், அவ்வளவுதான். முதல் தரம், இரண்டாம் தரம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு 1ஆம் எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. நல்ல கொல்லர் அடித்த 2ஆம் எண் கத்தி, சுமாரான கொல்லரின் 1ஆம் எண்ணை எளிதாக மிஞ்சும். பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்ப்பதில்தான் கத்தியின் உயிர் இருக்கிறது.

நீலத் தாள் என்பது அதே எஃகில் கொஞ்சம் டங்ஸ்டனும் சிறிதளவு குரோமியமும் சேர்த்தது. 2ஆம் எண்ணில் டங்ஸ்டன் 1 முதல் 1.5 சதவீதம் இருக்கும். அதனால் கூர் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும், தீட்ட ஒரு சில நிமிடம் கூடுதலாக ஆகும். குரோமியம் இருக்கிறதே என்று துருவைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடாதீர்கள். அந்த அளவு எதற்கும் காணாது. ஆஓகாமி சூப்பர் என்று இன்னொன்று உண்டு. கார்பன் ஒன்றரை சதவீதத்தைத் தொடும், மாலிப்டினமும் வனேடியமும் சேர்ந்திருக்கும். நல்ல எஃகுதான், ஆனால் முதல் கத்திக்குத் தேவையில்லை. என்னைக் கேட்டால், தீட்டப் பழகுகிறவருக்கு வெள்ளை 2. கல்லில் நீங்கள் செய்யும் தப்பு, சரி இரண்டையும் அது உடனே கையில் உணர்த்திவிடும்.

எஃகைவிட முக்கியமான ஒரு கேள்வியைக் கடையில் கேட்க மறந்துவிடுகிறார்கள்: உள்ளே கார்பன் எஃகு சரி, வெளியே என்ன?

பெரும்பாலான கத்திகள் மூன்று அடுக்கு. நடுவில் கடினமான எஃகு, இரு பக்கமும் மென்மையான உலோகம். ரொட்டிக்கு நடுவில் ஒரு துண்டை வைத்தது போல. ஜப்பானியத்தில் இதற்கு சான்மாய் என்று பெயர். கடின எஃகு விளிம்பில் மட்டும் சில மில்லிமீட்டருக்கு எட்டிப் பார்க்கும். பக்கத்து உலோகம் மெல்லிரும்பாக இருந்தால் கத்தி முழுவதும் துருப்பிடிக்கும். சொல்லப்போனால் நடு எஃகைவிட அந்த மெல்லிரும்புதான் முதலில் துருவைப் பிடிக்கும். பக்கத்து உலோகம் ஸ்டெயின்லெஸ் என்றால், விளிம்பில் தெரியும் அந்த மெல்லிய பட்டையை மட்டும் நீங்கள் கவனித்தால் போதும். தீட்டும் சுகம் அப்படியே கிடைக்கும், தொல்லை பாதிக்கு மேல் குறையும். முதல் கத்திக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: ஸ்டெயின்லெஸ் போர்த்திய கார்பன் எஃகு. என் எலுமிச்சம்பழக் கத்தி மெல்லிரும்பு போர்த்தியது.

மேற்புறம் கறுப்பாக, உலையிலிருந்து அப்படியே எடுத்தது போல இருந்தால் அது குரோஉச்சி. அந்தக் கருஞ்செதில் இருக்கும் இடத்தில் துரு சற்று மட்டுப்படும். பேரிக்காய்த் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் நாஷிஜி. அலையலையாகக் கோடு ஓடினால் பலர் டமாஸ்கஸ் என்பார்கள். அது போர்வையின் அழகு, வெட்டும் விளிம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே எஃகில் முழுவதும் அடித்த ஹோன்யாக்கி என்ற வகையும் உண்டு. களிமண் பூசித் தோய்த்து எடுக்கும் வேலை, விலையும் அதற்கேற்ப. கண்காட்சியில் பார்த்து ரசியுங்கள்.

எந்த ஊர்க் கத்தி என்பதற்கும் மவுசு உண்டு. ஒசாக்கா மாகாணத்து சாக்காய் எடோ காலத்தில் புகையிலை நறுக்கும் கத்திக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே இன்றும் அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று வேலையைப் பிரித்துச் செய்வார்கள். கிஃபு மாகாணத்து செக்கி வாளுக்குப் பெயர் போய், இப்போது பெரிய ஆலைகள் நிறைந்த ஊர். ஃபுக்குயியின் எச்சிசென், நீகத்தாவின் சான்ஜோ, கோச்சியின் தோசா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவாகு. தோசாக் கத்திகள் முரட்டுத்தனமாக இருக்கும், விலையும் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும். ஊர்ப் பெயர் மட்டும் நல்ல கத்திக்கு உத்தரவாதம் ஆகாது.

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இப்படிப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் கண்ணை வைத்து, கத்தியின் முதுகு வழியே முனை வரை நோக்குங்கள், வளைவு தெரியக்கூடாது. விளிம்பைத் தட்டையான பலகையில் வைத்து ஒளிக்கு எதிரே பிடியுங்கள்; நடுவில் எங்காவது பள்ளமாக வெளிச்சம் கசிந்தால் அது தீட்டும்போது உங்களைப் பாடாய்ப்படுத்தும். அலகு மரப்பிடிக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதற்குள் நீர் இறங்கும். ஆள்காட்டி விரல் உரசும் முதுகும் அடி மூலையும் மழுக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்குவதானால், பிடிப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி எடுத்த குறுக்குத் தோற்றப் படம் ஒன்றைக் கேளுங்கள். விளிம்புக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லிசு என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு கத்தி கேரட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போகுமா, ‘டக்’கென்று பிளந்துகொண்டு போகுமா என்பதை அந்த மெல்லிசுதான் தீர்மானிக்கிறது.

முதல் வாரம்

சில கார்பன் கத்திகள் துருப்பிடிக்காமல் கடல் கடந்து வர, மெல்லிய வார்னிஷ் பூசி அனுப்பப்படும். அலகு ஒரு மாதிரி பிளாஸ்டிக் பளபளப்பாக இருந்தால், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துங்கள்.

அப்புறம் நறுக்கத் தொடங்குங்கள். முதல் வெங்காயத்திலேயே அலகு நிறம் மாறும். வெங்காயமும் ஓரத்தில் லேசாகக் கறுக்கலாம், இரும்பு வாடையும் வரலாம். பயப்பட வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் அலகின் மேல் சாம்பலும் நீலமுமாக ஒரு படலம் உட்காரும், சில இடத்தில் மயில் கழுத்து நிறம்கூடத் தெரியும். பேட்டினா என்று அதைச் சொல்வார்கள். அந்தப் படலம் நிலைத்துவிட்டால் வாடையும் போகும், செந்துருவும் எளிதில் அண்டாது. சூடான இறைச்சி நறுக்கினால் நீலம் அழகாக ஏறும். வினிகரில் முக்கியும் கடுகு விழுதைப் பூசியும் இதைச் செயற்கையாக வரவழைப்பவர்கள் உண்டு. செய்யலாம், தப்பில்லை. எனக்கு அது முடிக்குச் சாயம் அடிப்பது போலத் தோன்றும். சமைத்துக்கொண்டே இருந்தால் தானாக வரும்.

நல்ல படலத்துக்கும் கெட்ட துருவுக்கும் வித்தியாசம் எளிது. சாம்பல், நீலம், கறுப்பு, தொட்டால் வழவழப்பு என்றால் விட்டுவிடுங்கள். ஆரஞ்சு, சிவப்பு, தொட்டால் சொரசொரப்பு, துணியில் கறை என்றால் உடனே எடுத்துவிட வேண்டும். சமையல் சோடாவை நீரில் குழைத்து, பாட்டில் தக்கையால் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேய்த்தால் புதுத் துரு போய்விடும். போகாவிட்டால் துரு அழிக்கும் ரப்பர் கிடைக்கிறது. நீளவாக்கில் என்று சொன்னதைக் கவனியுங்கள். விரல் விளிம்பைக் குறுக்கே கடக்கும்படி தேய்த்தால் விரல் போய்விடும். விளிம்பின் மேலேயே துரு இருந்தால் தீட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த இடம் அரித்துப்போய்ச் சின்னச் சின்னப் பல்லாக உதிரும்.

தினசரிப் பழக்கம்

ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று. தக்காளி, எலுமிச்சை, வெங்காயம், மாம்பழம் என்று புளிப்போ சாறோ உள்ளது எதை நறுக்கினாலும், அடுத்ததை எடுக்கும் முன் ஒரு துடைப்பு. இரண்டு நிமிடத்துக்கு மேல் கத்தியைக் கீழே வைக்கப்போகிறீர்கள் என்றால் ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை. துடைக்கும்போது துணியை முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, பிடியிலிருந்து முனையை நோக்கி இழுங்கள். வேலை முடிந்ததும் மிதமான சோப்பு, மென்மையான பஞ்சு, சுடுநீர். உடனே துடைத்து, அலமாரியில் வைக்கும் முன் ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடவே கூடாது. எஃகு துருப்பிடிக்கும், பிடி வெடிக்கும், மற்ற பாத்திரங்களில் முட்டி விளிம்பு உடையும்.

தினமும் உபயோகிக்கும் கத்திக்கு எண்ணெய் தேவையில்லை. சில நாள் தொடாமல் வைப்பதானால் தடவுங்கள். ஜப்பானில் சுபாக்கி எனும் காமெலியா எண்ணெய் தடவுவார்கள். உணவுக்கு ஆகும் மினரல் எண்ணெயும் நல்லது. சாதாரணச் சமையல் எண்ணெய் பல நாளில் பிசுபிசுத்துக் காறிவிடும். இரண்டு சொட்டு போதும், தடவிவிட்டுத் துடைத்தது போல இருக்க வேண்டும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மரம் போர்த்திய காந்தப் பட்டை சுவரில் இருந்தால் உத்தமம். காந்தத்தில் வைக்கும்போது முதுகை முதலில் ஒட்டவைத்து அலகைச் சாயுங்கள், எடுக்கும்போது விளிம்பை முதலில் விடுவியுங்கள்.

பலகை மரமாக இருக்கட்டும், இல்லையென்றால் மென்மையான ரப்பர். கண்ணாடி, கருங்கல், பீங்கான் தட்டு மூன்றும் இந்தக் கத்திக்கு எமன். எலும்பு, உறைந்த இறைச்சி, கெட்டித் தோல் பூசணி, பழக்கொட்டை எதிலும் இதை இறக்காதீர்கள். அதற்கு ஒரு பழைய தடித்த கத்தியை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பொக்கைகள் ஓங்கி வெட்டுவதால் வருவதில்லை, கத்தியைத் திருகுவதால் வருகின்றன. பாதியில் சிக்கிக்கொண்ட கத்தியைப் பக்கவாட்டில் ஆட்டி எடுப்பது, நறுக்கிய காயை விளிம்பாலேயே வழித்துத் தள்ளுவது இரண்டையும் நிறுத்துங்கள். வழிக்க வேண்டுமென்றால் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். எனக்கு இந்தப் பழக்கம் வர மூன்று மாதம் ஆயிற்று.

கல்லில் தீட்டுவது

ஒரே ஒரு கல் வாங்குங்கள்: 1000 கிரிட். கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கல் நயமாக இருக்கும். அதற்குக் கீழே 200, 400 என்று இருப்பவை பொக்கையைச் சரிசெய்யும் முரட்டுக் கல். 3000க்கு மேல் மெருகுக் கல். ஆறு மாதம் கழித்து யோசிக்கலாம். பள்ளம் பள்ளமாக இருக்கும் இரும்புத் தீட்டுகோலும், இழுத்தால் கூராகும் சக்கர டப்பாவும் இந்தக் கடின எஃகுக்கு ஆகாது, விளிம்பைப் பிய்த்துவிடும்.

ஊற வைக்க வேண்டிய கல் என்றால் குமிழி வருவது நிற்கும்வரை, பத்து நிமிடம் போல, நீரில் வையுங்கள். தெளித்தாலே போதும் என்ற வகையும் உண்டு. அதை ஊறவைத்தால் கெட்டுவிடும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் ஈரத்துணி, ஆடக்கூடாது.

கோணம்தான் எல்லோருக்கும் பயம். ஒரு பக்கத்துக்கு 15 பாகை என்பார்கள். பாகைமானியைத் தேட வேண்டாம்: அலகின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு முதுகு கல்லிலிருந்து எழும்பியிருந்தால் அது 15 பாகைதான். 48 மில்லிமீட்டர் உயரக் கத்திக்கு முதுகு 12 மில்லிமீட்டர் உயர வேண்டும். ஒரு அட்டையை அந்த உயரத்துக்கு மடித்து வைத்துப் பழகுங்கள். விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு நான்கு முறை தேய்த்துப் பார்த்தால் இன்னும் தெளியும். கறுப்பு முழுவதும் போயிருந்தால் கோணம் சரி. மேல் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது, விளிம்பு நுனியில் மட்டும் போயிருந்தால் தூக்கிவிட்டீர்கள்.

கத்தியைக் கல்லுக்குக் குறுக்கே சாய்வாக வையுங்கள். ஒரு கை பிடியில். மற்ற கையின் இரண்டு மூன்று விரல் நுனிகள், கல் மேல் இருக்கும் பகுதியில், விளிம்பை ஒட்டி. அழுத்தம் விரல் இருக்கும் இடத்தில்தான் விழும், அதனால் முனையிலிருந்து அடி வரை விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போங்கள். வேகம் வேண்டாம். கல்லின் மேல் சேறு மாதிரி ஊறி வரும், அதைக் கழுவிவிடாதீர்கள்; தீட்டுவதில் பாதி வேலை அந்தச் சேறு செய்வது.

எப்போது நிறுத்துவது? பிசிறு வந்ததும். ஒரு பக்கம் தேயத் தேய, விளிம்பு அந்தப் பக்கத்துக்கு எட்டியதும், மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய உலோக ஓரம் மடங்கி நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளியே போகும்படி மெதுவாக வழித்தால் நகத்தில் பூனை நாக்கு போல ஒரு சொரசொரப்பு தட்டும். முதல் முறை அது கையில் பட்டபோது, அதுவரை நான் தீட்டியதெல்லாம் தீட்டலே இல்லை என்று தெரிந்தது. பிசிறு வராமலே பக்கத்தை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முனை முதல் அடி வரை முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். மறுபக்கமும் அதே போல.

பிறகு பிசிறை எடுக்க வேண்டும். அழுத்தத்தைப் பாதியாக்கி இரு பக்கமும் பத்துப் பத்து, இன்னும் குறைத்து ஐந்து ஐந்து. கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டுமே கல்லில் இருக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்று. முடிவில் செய்தித்தாளை நான்காக மடித்துக் கல் மேல் விரித்து, விளிம்பு பின்னால் வரும்படி சில முறை இழுங்கள். கூர் பார்க்க விரலைத் தேய்க்காதீர்கள். ஒரு தக்காளியின் தோலில், அழுத்தாமல், கத்தியை வைத்து இழுத்துப் பாருங்கள். தோல் எதிர்க்காமல் திறந்தால் போதும்.

வீட்டுச் சமையலுக்கு மாதம் ஒரு முறையோ இரு மாதத்துக்கு ஒரு முறையோ தீட்டினால் சரி. கல் நடுவில் குழிந்துகொண்டே வரும், குழிந்த கல்லில் கோணம் நிற்காது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, சமன்கல்லில் தேய்த்து, கோடுகள் எல்லாம் மறையும்வரை சமப்படுத்துங்கள்.

பெரிய பொக்கை, முனை உடைந்தது, அலகு வளைந்தது என்றால் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். கொடுக்கும் முன், கல்லில் தீட்டுவீர்களா அல்லது சக்கரத்திலா என்று கேளுங்கள். நீர் விடாமல் சுழலும் சக்கரத்தில் விளிம்பு நொடியில் சூடேறும். 200 பாகை செல்சியஸைத் தாண்டிப் போனால் கொல்லர் ஏற்றிய பதம் இறங்கத் தொடங்கிவிடும். தீப்பொறி பறக்க, விளிம்பு நீலம் பாரித்துத் திரும்பி வந்த கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. பார்க்கக் கூராகத்தான் இருந்தது, இரண்டு நாளில் மழுங்கியது. அந்த நீலப் பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து எடுக்க எனக்கு இரண்டு விடுமுறை நாள் பிடித்தது, கத்தியின் உயரத்தில் மூன்று மில்லிமீட்டர் போயிற்று.